கீரை தின்னும் நம் வாய் பாக்டீரியாக்கள்

வாய் என்றாலே கிருமி, கிருமி என்றாலே கொல்ல வேண்டியது என்று நாம் பழகிவிட்டோம். "99.9 சதவீதக் கிருமிகளை அழிக்கும்" என்று எழுதிய மவுத்வாஷ் பாட்டிலை இன்று பல வீடுகளின் குளியலறையில் பார்க்கலாம். ஆனால் நம் வாயில் வாழும் நூற்றுக்கணக்கான வகை பாக்டீரியாக்களில் சில நமக்காகவே உழைக்கின்றன. அவற்றுக்குப் பிடித்த தீனி கீரை.

கீரைகள் மண்ணிலிருந்து நைட்ரேட் என்ற சத்தை உறிஞ்சி இலைகளில் சேர்த்து வைக்கின்றன. பசலை, முளைக்கீரை, லெட்டூஸ் போன்றவற்றில் இது நிறையவே உண்டு. பீட்ரூட்டிலும் அப்படித்தான். நாம் கீரை சாப்பிட்டதும் இந்த நைட்ரேட் குடல் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. அதில் சுமார் கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இழுத்துக்கொண்டு, மறுபடியும் வாய்க்கே அனுப்பி வைக்கின்றன. ஒருமுறை விழுங்கியதை உடல் ஏன் திரும்ப வாய்க்குக் கொண்டுவர வேண்டும்? வேலைக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

நாக்கின் பின்பகுதியில் உள்ள ரோத்தியா, நைசீரியா போன்ற பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நம் உடலின் செல்களுக்கு இந்த வேலை அவ்வளவாகக் கைவராது. நைட்ரைட் கலந்த உமிழ்நீரை நாம் விழுங்க, அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உண்டாகிறது. இது இரத்தக் குழாய்களைத் தளரச் செய்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது. இரத்த ஓட்டத்தில் இந்த வாயு ஆற்றும் பங்கைக் கண்டறிந்ததற்காகத்தான் 1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வாய்க்கும் இதில் பங்கு உண்டு. இனிப்பு சாப்பிட்டதும் சில பாக்டீரியாக்கள் அமிலத்தைச் சுரந்து பல்லின் எனாமலை அரிக்கின்றன. நைட்ரேட் உண்ணும் பாக்டீரியாக்கள் அந்த அமிலத்தைத் தணிக்க உதவுகின்றன. ஈறுக்கும் பலன் தெரிந்திருக்கிறது. ஜெர்மனியில் ஈறு அழற்சி உள்ளவர்களுக்கு 2 வாரங்கள் லெட்டூஸ் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். நைட்ரேட் நீக்கிய சாற்றைக் குடித்தவர்களைவிட, நைட்ரேட் உள்ள சாற்றைக் குடித்தவர்களுக்கே அழற்சி நன்றாகக் குறைந்திருந்தது.

இப்போது மவுத்வாஷுக்கு வருவோம். குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷ் நல்லது கெட்டது பார்ப்பதில்லை. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 19 பேர் 7 நாட்கள் அதைப் பயன்படுத்தினார்கள். அவர்களின் இரத்த அழுத்தம் 2 முதல் 3.5 புள்ளிகள் வரை கூடியது. சிறிய ஆய்வுதான், கூடியதும் கொஞ்சம்தான். ஆனாலும் வீட்டில் வாப்பாவோ உம்மாவோ தினமும் பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் என்றால், மருத்துவர் சொல்லாமலேயே மாதக்கணக்கில் இதைக் கொப்பளிப்பது தேவைதானா என்று நாம் யோசிக்க வேண்டும். பல் மருத்துவர் ஈறு நோய்க்காகவோ பல் பிடுங்கிய பிறகோ எழுதிக் கொடுத்தால், சொன்ன நாட்களுக்குத் தவறாமல் பயன்படுத்துங்கள். பல் துலக்குவதையும் மிஸ்வாக்கையும் விடவே கூடாது. கீரை அவற்றுக்கு மாற்று இல்லை.

அடுப்படியிலும் ஒரு கவனம் வேண்டும். நைட்ரேட் தண்ணீரில் கரையும். கீரையை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். பொரியலாகவோ, பருப்போடு கடைந்தோ, சூப்பாகவோ செய்தால் அது நம் தட்டிலேயே இருக்கும். வலீமா விருந்தில் யாரும் கீரையைத் தேடப் போவதில்லை, தேடவும் வேண்டாம். ஆனால் வீட்டுச் சமையலிலும் ஆட்டிறைச்சியும் சால்னாவுமே இடத்தைப் பிடித்துக்கொள்ள, கீரை மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பதுதான் பல குடும்பங்களின் நிலை.

சிலர் மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேகத்தை மாற்றிவிடும். சிறுநீரக நோயாளிகளும், சிறுநீரகக் கல் தொந்தரவு உள்ளவர்களும் எந்தக் கீரை, எவ்வளவு என்பதைத் தங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. 6 மாதம் நிறையாத குழந்தைக்குக் கீரை மசியல் வேண்டாம்.