காணாமல் போன 12 பெட்டிகள்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, உறைய வைத்த உணவுகளை விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலைப் பயிற்சி கிடைத்தது. கிடங்கு ஊழியர்கள் பயன்படுத்தும் கையடக்கக் கருவிக்குச் செயலி எழுதி, அதை நிறுவனத்தின் சேவையகத்துடன் இணைக்க வேண்டும். “இவ்வளவுதானா?” என்று நினைத்தேன்.

முதல் இரண்டு நாள்கள் இணைப்பே கிடைக்கவில்லை. என் கணினியில் ஓடிய செயலி, கருவியில் ஏற்றியதும் முடங்கியது. சேவையக முகவரியாக ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதியிருந்தேன். கணினியில் அது கணினியைக் குறிக்கும். கருவியில் அது கருவியையே குறிக்கும். பாவம், தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டிருந்தது!

பெரிய சிக்கல் குளிர் அறையில் காத்திருந்தது. உள்ளே வைஃபை எட்டாது. அதனால் செயலி, கணக்கைக் கருவியிலுள்ள எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் எழுதிவைத்து, ஊழியர் வெளியே வந்ததும் சேவையகத்துக்கு அனுப்பும். இதுதான் ஒத்திசைவு.

மூன்றாம் வாரம், கணினியில் 68 மீன் உருண்டைப் பெட்டிகள் இருந்தன; அடுக்கிலோ 56தான். மேலாளர் கிடங்குக்காரரான அண்ணனை அழைத்து, “மீதி 12 எங்கே?” என்று கேட்டார். எல்லார் முன்னிலையிலும் கேட்டார். அண்ணன் பதில் பேசாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். காலையில் 12 பெட்டிகளை லாரியில் ஏற்றியதாக அவர் கைப்பட எழுதியிருந்தார்.

அன்றிரவு சேவையகப் பதிவுகளைப் பார்த்தேன். காலையில் இருப்பு 48. இரண்டு கருவிகளிலும் அதே எண். அண்ணன் 12 எடுத்து, 36 என்று அனுப்பினார். அது தெரியாமல் குளிர் அறையில் இருந்த இன்னொருவர் புதிதாக 20 அடுக்கினார்; அவர் கருவி 48உடன் 20ஐக் கூட்டி, 68 என்று பின்னர் அனுப்பியது. கடைசியாக வந்ததையே ஏற்கும்படி நான் எழுதியிருந்தேன். 36 அழிந்தது. அண்ணனின் 12 பெட்டிகளை விழுங்கியது என் நிரல்தான்.

வழி ஏற்கெனவே இருந்தது. சைபேஸ் நிறுவனம் உருவாக்கி, 2010இல் எஸ்ஏபி வசம் சென்ற ‘மொபிலிங்க்’ என்ற ஒத்திசைவுச் சேவையகத்தில், கருவி புதிய மதிப்போடு தான் முன்பு கண்ட பழைய மதிப்பையும் அனுப்பும். பழையது சேவையகத்தில் இருப்பதோடு பொருந்தாவிட்டால், இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நானும் அப்படியே மாற்றினேன். மோதல் வந்தால் வித்தியாசமான 20ஐ மட்டும் 36உடன் கூட்டினால் 56. சரியான கணக்கு.

அதிலும் ஓர் ஓட்டை. சேவையகம் கூட்டிவிட்டு, “கிடைத்தது” என்று சொல்லும் நேரத்தில் வைஃபை அறுந்தால்? கருவி மறுபடி அனுப்பும். 56 என்பது 76 ஆகிவிடும். எனவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி அடையாள எண் கொடுத்தேன். பார்த்த எண் மீண்டும் வந்தால் சேவையகம் கூட்டாது. “கிடைத்தது” என்று மட்டும் சொல்லும்.

மறுநாள் மேலாளரிடம் தவறு என்னுடையது என்று சொன்னேன். அண்ணனிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. “சரி தம்பி, இப்ப ஒழுங்கா எண்ணுதா?” என்றார். “எண்ணுது அண்ணே” என்றேன்.

பயிற்சியின் கடைசி நாள்வரை அந்தக் குறிப்புப் புத்தகம் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.