பால் பல் சொத்தை: அம்மாவிடம் எப்படிப் பேசுவது?

குழந்தையின் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தீற்றியது போல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால், சொத்தை ஆரம்பித்துவிட்டது என்று பொருள். இந்தக் கட்டத்தில் வலி இருக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. கோடு பழுப்பாகி, பல் விளிம்பு உடைந்து, குழந்தை சாப்பிட மறுத்து அழும்போதுதான் மருத்துவரைத் தேடுகிறார்கள்.

புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். சர்க்கரை கலந்த பால், பழச்சாறு போன்றவற்றிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் முதலான பாக்டீரியாக்கள் அமிலத்தை உண்டாக்குகின்றன. விழித்திருக்கும்போது எச்சில் அதைக் கழுவிவிடும். தூக்கத்தில் எச்சில் ஊறுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கீழ் முன்பற்களுக்கு நாக்கு காவல் இருப்பதால், முதலில் பாதிக்கப்படுபவை மேல் முன்பற்கள்.

இதையெல்லாம் பல் மருத்துவர்கள் சொல்லாமல் இல்லை. ஆனால் நள்ளிரவில் குழந்தை வீறிட்டு அழும்போது, அதிகாலை வேலைக்குப் போக வேண்டிய கணவர் பக்கத்தில் புரளும்போது, "பால் பல்தானே, எப்படியும் விழப்போகிறது" என்று மாமியார் சொல்லும்போது, அந்தத் தாயின் கை புட்டியைத்தான் தேடும். விவரம் தெரியாதவர் என்று அவரைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை.

அப்படியானால் அவரிடம் எப்படிப் பேசுவது? கனடாவின் வான்கூவரை ஒட்டிய சர்ரே நகரில் பஞ்சாபிக் குடும்பங்கள் அதிகம். பிலிப் வைன்ஸ்டைன், ரோசமண்ட் ஹாரிசன் என்ற ஆய்வாளர்களின் குழு அங்கே 6 முதல் 18 மாதக் குழந்தைகள் 240 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பாதித் தாய்மாருக்குத் துண்டறிக்கையும் வீடியோவும் மட்டும். மறுபாதிக்கு அவற்றோடு சுமார் 45 நிமிட நேர்ப்பேச்சு, அந்த ஆண்டில் ஆறு தொலைபேசி அழைப்புகள், இரண்டு அஞ்சலட்டைகள். பேசியவர்கள் அதே சமூகத்துப் பெண்கள்.

பேசிய முறைதான் முக்கியம். குடிப்பழக்கத்தில் சிக்கியவர்களுக்காக அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதி முன்வைத்த முறை அது. மிரட்டாமல், வாதிடாமல், மாற்றத்துக்கான காரணத்தை எதிரில் இருப்பவரே தன் வாயால் சொல்லும்படி கேட்பதுதான் அதன் அடிப்படை.

"குழந்தையின் பல் எப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்?" என்று பேச்சு தொடங்கும். "ராத்திரிப் புட்டியை நிறுத்த முடியும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள்? பத்துக்கு எத்தனை?" தாய் "நாலு" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏன் எட்டு இல்லை என்று கேட்டால் அவர் தடைகளைத்தான் அடுக்குவார். "ஏன் ஒன்று என்று சொல்லவில்லை?" என்று கேட்டால், "பகலில் டம்ளரில் குடிக்கப் பழகிவிட்டான்" என்று தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் பலத்தைச் சொல்வார். பிறகு அவர் முன் ஒரு பட்டியல் வைக்கப்படும்: புட்டியில் பாலுக்குப் பதில் தண்ணீர், முளைத்த பல்லைத் தினமும் துலக்குவது, ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக்கொள்வது. எதைச் செய்வது என்பது அவர் முடிவு. அது நடந்ததா, எங்கே இடறியது என்று விசாரிக்கத்தான் தொலைபேசி.

2004இல் வெளியான ஓராண்டு முடிவில், துண்டறிக்கை மட்டும் பெற்றவர்களின் குழந்தைகளுக்குச் சராசரியாக 1.91 புதிய சொத்தைகள். உரையாடல் கிடைத்தவர்களின் குழந்தைகளுக்கு 0.71. இரண்டாம் ஆண்டின் முடிவில் முதல் குழுவில் 52 சதவீதக் குழந்தைகளுக்கும், அடுத்த குழுவில் 35.2 சதவீதத்தினருக்கும் புதிய சொத்தை இருந்தது. ஒரு முக்கால் மணி நேரப் பேச்சுக்கும் சில அழைப்புகளுக்கும் இது பெரிய பலன்.

எல்லா இடத்திலும் இதே வெற்றி கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கியூபெக்கின் க்ரீ பழங்குடிச் சமூகங்களில் கர்ப்பிணிகளிடம் தொடங்கி இதே முறையை ஹாரிசன் குழு முயன்றது. 2012இல் வெளியான அந்த முடிவின்படி, சொத்தை வந்த குழந்தைகளின் விகிதம் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் பல்லின் உள்ளடுக்கு வரை அரித்த கடுமையான சொத்தை குறைந்திருந்தது. மயக்க மருந்து கொடுத்துப் பல் பிடுங்கும் நிலைக்குப் பிள்ளைகளைத் தள்ளுவது அந்தக் கடுமையான சொத்தைதான்.