வ.உ.சி. வழக்கும் விசாரணை நீதிபதியின் சுதந்திரமும்

சாட்சிகளை நேரில் விசாரித்து, நடந்தது எது, நடக்காதது எது என்று முதன்முதலில் முடிவு செய்பவர் விசாரணை நீதிபதி. அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் வழக்குகளுக்கென 94 மாவட்ட நீதிமன்றங்கள் மாநில நீதிமன்றங்களிலிருந்து தனியே இயங்குகின்றன. அவற்றின் நீதிபதிகளை அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் செனட் என்னும் மேலவையின் ஒப்புதலோடு நியமிக்கிறார். நன்னடத்தை உள்ளவரை அவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் பதவியில் நீடிக்கலாம், அவர்களது சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது. இந்தியாவில் அத்தகைய இரட்டை அமைப்பு இல்லை. மத்தியச் சட்டமானாலும் மாநிலச் சட்டமானாலும், கொலை போன்ற கடுங்குற்ற வழக்குகள் விசாரணைக்கு வந்து நிற்பது மாவட்டத்தின் செஷன்ஸ் நீதிமன்றத்தில்தான்.

அந்த இருக்கையில் அமர்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற கேள்வியின் கனத்தைத் தூத்துக்குடி 1908ஆம் ஆண்டிலேயே உணர்ந்தது. கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விட்டும், கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றும் ஆங்கிலேய வணிகர்களையும் அதிகாரிகளையும் கலங்கச் செய்த வ.உ. சிதம்பரம் பிள்ளை, அவ்வாண்டு மார்ச் 12 அன்று கைதானார். அவர் மீதும் அவரது தோழர் சுப்பிரமணிய சிவா மீதும் ராஜதுரோக வழக்கு, அதாவது அரசுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டியதாக வழக்கு, தொடரப்பட்டது. திருநெல்வேலி கூடுதல் செஷன்ஸ் நீதிபதி ஏ.எஃப். பின்ஹே ஜூலை 7 அன்று வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகளும், சிவாவுக்குப் பத்தாண்டு தண்டனையும் விதித்தார். கொலையோ கொள்ளையோ செய்யாத ஒருவருக்கு, பேசிய பேச்சுக்காக இரட்டை ஆயுள் தண்டனை! மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஆறாண்டாகக் குறைத்தது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையானார்.

பின்ஹே என்ற தனி மனிதரின் கடுமையாக மட்டும் இதைக் கொள்ள இயலாது. மாவட்டத்தை ஆண்ட ஆட்சியரும் வழக்கை விசாரித்த நீதிபதியும் ஐ.சி.எஸ். என்ற ஒரே பணியிலிருந்து வந்தவர்கள். குற்றம் சாட்டிய அரசிடமே நீதிபதி ஊதியமும் பதவி உயர்வும் பெற்றார். அதே பணியில் ஈ.எச். வாலஸ் போன்றவர்களும் இருந்தனர், தண்டனையால் வ.உ.சி. இழந்திருந்த வக்கீல் உரிமம் மீண்டும் கிடைக்க வாலஸ் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது உதவினார், அந்த நன்றியில் வ.உ.சி. தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆயினும் நல்லவர் ஒருவர் வாய்ப்பதை நம்பி மட்டும் குடிமக்கள் நீதிமன்றப் படியேறக் கூடாது.

நீதிபதி அரசைச் சார்ந்திருந்த இந்த நிலையைத்தான் இந்திய அரசியலமைப்புச் சட்டம் மாற்றியது. அதன் 235ஆம் பிரிவு மாவட்ட நீதித்துறையின் மீதான கட்டுப்பாட்டை உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைத்ததால், விசாரணை நீதிபதியின் பணியிட மாற்றமும் விடுப்பும் இன்று ஆட்சியாளர் கையில் இல்லை. தேர்வெழுதி உரிமையியல் நீதிபதியாக நுழைபவர் படிப்படியாக மாவட்ட நீதிபதியாக உயரலாம். குறைந்தது ஏழாண்டு வழக்காடிய வழக்கறிஞர் நேரடியாகவும் அப்பதவிக்குத் தேர்வாகலாம். தொடக்கநிலைப் பதவிக்கான தேர்வுக்கே மூன்றாண்டு வழக்கறிஞர் பணி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. சட்டக் கல்லூரியிலிருந்து நேரே வருபவருக்குக் கூண்டில் நிற்பவரின் நடுக்கம் தெரியாது என்பதால் அது சரியான முடிவே.

சாட்சி சொல்லச் சொல்ல அதை எழுத்தில் பதிவு செய்ய வைப்பதும், பதிவானதைச் சாட்சிக்குப் படித்துக்காட்டுவதும், அவர் தயங்கிய விதத்தையோ தடுமாறிய விதத்தையோ தேவையெனில் குறித்து வைப்பதும் விசாரணை நீதிபதியின் அன்றாட வேலை. மேல்முறையீட்டு நீதிபதிகள் பெரும்பாலும் காகிதத்தையே படிக்கிறார்கள். சாட்சியின் முகத்தைப் பார்த்தவர் இவர் ஒருவரே. அதனால்தான் செஷன்ஸ் நீதிபதியின் மரண தண்டனைக்கு உயர் நீதிமன்றத்தின் உறுதிப்பாடு கட்டாயம் என்றாலும், சாட்சியை நம்பலாமா என்பதில் அவரது கருத்தை மேல் நீதிமன்றம் எளிதில் ஒதுக்குவதில்லை.

1986இல் தனி மாவட்டமான தூத்துக்குடிக்கு இன்று சொந்த மாவட்ட நீதிமன்றம் உண்டு. அதன் மேல்முறையீடுகள் 2004 முதல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் செல்கின்றன. சட்டம் விலக்களித்த சில வழக்குகள் தவிர, குற்ற விசாரணை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்க வேண்டும்; வாசகர்கள் ஒரு நாளேனும் அங்கு சென்று அமர்ந்து அதைக் கவனிக்க வேண்டும்.