நூலை வாசகரிடம் சேர்த்தல்

நூலை எழுதுதல் ஒரு தொழில். அதனை அச்சிடுதல் மற்றொரு தொழில். அச்சிட்ட நூலை அதற்குரிய வாசகரின் கையிற் கொண்டுபோய்ச் சேர்த்தல் மூன்றாவது தொழில். முதலிரண்டைப் பற்றியும் பேசுவோர் பலர். மூன்றாவதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. விற்பனை என்பது வணிகர் காரியம், இலக்கியத்துக்கும் அதற்கும் உறவில்லை என்று கருதும் வழக்கம் தமிழ் எழுத்துலகில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆயினும், வாசிப்பாரற்றுக் கட்டிலின் கீழே கட்டுக்கட்டாகக் கிடக்கும் நூல், அச்சு மை படிந்த கடதாசியேயன்றி வேறன்று. பெரிய பதிப்பகங்களுக்கு முகவர்களும் விளம்பரப் பணமும் உண்டு. இவை இல்லாத சிறு பதிப்பாளர் ஒருவர், அதுவும் இலங்கையின் மத்திய மலைநாட்டிலே தமிழ் நூல் வெளியிடுபவர், இம்மூன்றாவது தொழிலை எங்ஙனம் செய்தல் கூடும் என்பது ஆராயத்தக்கது.

மலைநாட்டின் நிலை ஏனைய இடங்களின் நிலையினின்றும் வேறானது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வாசகர் நெருங்கி வாழ்கின்றனர். கடைக்குப் போனால் நூலைக் கண்ணாற் காணலாம். அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, இராகலை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த மக்களோ மலைச்சரிவுகளிலே, டிவிசன் டிவிசனாகப் பிரிந்த தோட்டங்களிலே சிதறி வாழ்கின்றனர். நகரத்துப் புத்தகக் கடைகளிற் பாடநூல்களுக்கும் பயிற்சிப் புத்தகங்களுக்குமே முதலிடம். ஆகவே தோட்டத்து வாழ்க்கையைக் கூறும் நூல் ஒன்று கொழும்பில் வெளியிடப்பட்டு, கொழும்பிலே பாராட்டப்பட்டு, அவ்வாழ்க்கையை வாழ்கிற மக்களின் லயத்து வாசலை எட்டாமலே நின்றுவிடுவதுண்டு. இக்குறையை நீக்குவதே மலைநாட்டுப் பதிப்பாளரின் முதற் கடமை.

இக்குறையை எதிர்த்து முதன்முதலில் முயன்றவர்களுள் கோ. நடேசய்யர் குறிப்பிடத்தக்கவர். தஞ்சையிலிருந்து இலங்கைக்கு வந்த அவர், தொழிலாளரின் நிலையை நேரிற் காண விரும்பினார். தோட்டங்கள் தனியார் உடைமை. வெளியார் எவரும் துரையின் அனுமதியின்றி உள்ளே நுழைதல் அக்காலத்தில் இயலாது. எனவே அவர் புடவை வியாபாரி போல வேடம் பூண்டு உள்ளே சென்றார் என்று அவர் வரலாறு கூறுகிறது. 1921-ஆம் ஆண்டில் ‘தேசநேசன்’, 1924-ஆம் ஆண்டில் ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை அவர் கொழும்பிலே தொடங்கினார். 1931-இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி, அட்டனைத் தம் பணிக்கு நிலைக்களமாக்கினார்.

நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மையின் பணியோ இப்பொருளுக்கு இன்னும் நெருங்கியது. 1939-ஆம் ஆண்டில் அரசாங்கத் திணைக்களங்களிலிருந்த இந்திய நாட்கூலித் தொழிலாளர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அதனையொட்டி எழுந்த கலக்கத்தின்போது, இந்தியரின் இலங்கை வாழ்க்கை நிலைமையை அம்மையார் பாட்டுகளாக இயற்றி 1940-இல் சிறு பிரசுரமாக வெளியிட்டார். அவற்றைத் தொழிலாளர் கூட்டங்களிலே தாமே பாடவும் செய்தார். இங்கே மூன்று உண்மைகள் புலனாகின்றன. வாசகர் நூலைத் தேடி வரும்வரை அம்மையார் காத்திருக்கவில்லை. வாசகர் கூடும் இடத்துக்குத் தாமே சென்றார். நீண்ட நூலை வாங்க இயலாத மக்களுக்கு ஏற்ற சிறிய பிரசுரத்தைத் தேர்ந்தார். எழுத்தறியாதவரும் கேட்டு மனத்திற் கொள்ளத்தக்க பாட்டு வடிவத்தைத் தெரிந்தெடுத்தார். நூல் விற்பனை என்னும் கலையின் முதற் பாடங்கள் இவையே.

பிற்காலத்து முயற்சிகளிலும் இவ்வுண்மை தெளிவாகிறது. மடகொம்பரைத் தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்ட வாழ்க்கையைக் குறித்து 1950-களில் ஆங்கிலத்திலே நெடுங்கவிதை ஒன்றை வெளியிட்டார். அது சக்தீ அ. பாலையாவின் மொழிபெயர்ப்பில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்னும் தமிழ் நூலாக 1969-இல் வந்தபோதுதான் தோட்டத்து மக்களின் மொழியை அடைந்தது. 1970-களில் வீரகேசரி நிறுவனம் நூல்களை வெளியிடத் தொடங்கி, பத்திரிகை செல்லும் வழியிலேயே நூலையும் செலுத்தியது. மலைநாட்டுச் சிறுகதைகளின் தொகுதியான ‘கதைக்கனிகள்’ 1971-இல் வெளிவந்தது. 1988-இல் மலையக வெளியீட்டகம் என்னும் சிறு பதிப்பகம், சாரல் நாடன் எழுதிய ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ என்னும் வரலாற்றை வெளியிட்டது. துரை விஸ்வநாதனின் துரைவி பதிப்பகம் 1990-களின் பிற்பகுதியிலே ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ ஆகிய பெருந்தொகுதிகளைக் கொணர்ந்தது. இவற்றுள் எதுவும் பெரும் மூலதனத்தால் நடந்ததன்று. ஊக்கமுடைய சிலரின் உழைப்பால் நடந்தவையே பெரும்பாலானவை.

ஊக்கம் மட்டும் போதுமோ எனின், போதாது, கணக்கும் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். 500 பிரதிகள் அச்சிட 2,00,000 ரூபா செலவானது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரதியின் அடக்கவிலை 400 ரூபா. விற்பனை விலை 600 ரூபா எனில், ஒவ்வொரு பிரதிக்கும் 200 ரூபா இலாபம் என்று பதிப்பாளர் மகிழ்வார். ஆனால் மதிப்புரைக்கும் நண்பர்க்கும் 50 பிரதிகள் இலவசமாகப் போகும். வெளியீட்டு விழாவில் 150 பிரதிகள் விற்றால் 90,000 ரூபா கிடைக்கும். எஞ்சிய 300 பிரதிகளைக் கடைகளுக்கு மூன்றிலொரு பங்கு கழிவிற் கொடுத்தால், பிரதிக்கு 400 ரூபாவாக 1,20,000 ரூபா வரும். மொத்த வரவு 2,10,000 ரூபா. அனைத்தும் விற்றும், பணமெல்லாம் தவறாது திரும்பியும் மிஞ்சுவது 10,000 ரூபாவே. கடைகளில் 200 பிரதிகள் தங்கிவிட்டாலோ 70,000 ரூபா நட்டம். சிறு பதிப்பாளர் பலர் ஒரு நூலோடு ஓய்ந்துவிடுவதன் காரணம் இக்கணக்கிலே இருக்கிறது. ஆகவே விழாவிலும், பாடசாலையிலும், திருவிழாவிலும் நேரே விற்கப்படும் ஒவ்வொரு பிரதியும் பதிப்பாளரின் உயிர்மூச்சு எனலாம்.

விலையை வாசகரின் வருவாயோடு ஒப்பிட்டே நிருணயித்தல் வேண்டும். 2021-ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாவாக நிருணயிக்கப்பட்டது. அதுவும் நீண்ட போராட்டத்தின் பின்னரே. அடுத்த ஆண்டிலே நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது. 2022 மார்ச்சு மாதத்திற் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்துப் பாடசாலைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. கடதாசி விலை ஏறும்போது நூலின் விலையும் ஏறுகிறது. நாள் முழுதும் கொழுந்து பறித்தவரிடம், அந்நாட்கூலியிற் பாதிக்கு மேற்பட்டதை ஒரு நூலுக்குத் தருக என்று கேட்பது எளிதன்று. எனவே பெருநூலோடு, அதிலிருந்து இரண்டு மூன்று கதைகளைக் கொண்ட சிறு மலிவுப் பிரசுரம் ஒன்றையும் வெளியிடுதல் நன்று. மீனாட்சியம்மை காட்டிய வழி இன்றும் பொருந்தும்.

இனி, பத்திரிகைகளுக்கும் வானொலிக்கும் அனுப்பப்படும் செய்திக் குறிப்பைப் பற்றிக் கூறவேண்டும். பதிப்பாளர் பணம் கொடாமற் பெறும் விளம்பரம் இது ஒன்றே. ஆனால் பலர் இதனை வாழ்த்துமடல் போல எழுதிவிடுகின்றனர். மலைநாட்டு இலக்கிய வானிலே புதியதோர் தாரகை உதயமாகிறது என்று தொடங்கும் குறிப்பைப் படிக்கும் ஆசிரியர், இரண்டாம் வரிக்குச் செல்லுமுன் அதனை ஒதுக்கிவிடுவார். அதற்கு மாறாக, தோட்டப் பாடசாலைகளைக் களமாகக் கொண்ட 14 சிறுகதைகள் அடங்கிய நூல், அட்டனில் வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு வெளியிடப்படுகிறது என்று தொடங்கினால், எது, எங்கே, எப்போது என்பன ஒரே வாக்கியத்தில் விளங்கிவிடுகின்றன.

பத்திரிகையில் இடம் குறைந்தால் குறிப்பின் வால்பகுதியே முதலில் வெட்டப்படும். ஆதலால் முதன்மையானது முதலில் வரவேண்டும். முதற்பந்தியில் நூலின் பெயர், ஆசிரியர், பொருள், விழாவின் இடமும் நேரமும் அமைதல் வேண்டும். இரண்டாம் பந்தியில், இந்நூல் இப்போது ஏன் வாசிக்கத்தக்கது என்பதற்கு ஒரு காரணம் கூறவேண்டும். எடுத்துக்காட்டாக, மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்தமை 2023-இல் நினைவுகூரப்பட்டது. அவ்வாண்டில் வந்த மலைநாட்டு நூல் எதற்கும் அது தகுந்த காரணமாக அமைந்தது. மூன்றாம் பந்தியில் ஆசிரியரைப் பற்றி இரண்டொரு வாக்கியம் போதும். ஈற்றிலே பக்கம், விலை, கிடைக்குமிடம், தொடர்பு கொள்ளும் வழி ஆகியவற்றைத் தருதல் வேண்டும். விலையும் கிடைக்குமிடமும் இல்லாத குறிப்பு, வழி சொல்லாமல் விருந்துக்கு அழைப்பதை ஒக்கும். முழுக்குறிப்பும் ஒரு பக்கத்துக்கு மேற்படலாகாது.

வானொலிக்கு அனுப்பும் குறிப்பு தனியே எழுதப்பட வேண்டியது. பத்திரிகையைப் படிப்பவர் விளங்காத வரியை மீண்டும் படிப்பார். வானொலி கேட்பவருக்கு அவ்வசதி இல்லை. எனவே வாக்கியம் குறுகியதாக இருக்கவேண்டும். நாளும் இடமும் இரு முறை வரவேண்டும். கொழுந்து பறித்து மீண்டு, மாலையில் அடுப்பு மூட்டியபடி கேட்கும் ஒருவருக்கும் அது விளங்கவேண்டும்.

செய்திக் குறிப்பில் உண்மை பிறழாமை மிகவும் இன்றியமையாதது. இம்மலைநாட்டின் முதல் நாவல், முதற் பெண் கவிஞர் என்றெல்லாம் ஆராயாமல் எழுதுவோர் உளர். மலைநாட்டு நூல்கள் பலவற்றின் பிரதிகள் மறைந்துபோக, அவை வெளிவந்த செய்தி மட்டும் பழைய பத்திரிகைகளில் எஞ்சுதல் கூடும். பின்னாளில் வரலாறு எழுதுவோர் அச்செய்தியையே சான்றாகக் கொள்வர். இன்று விற்பனைக்காகச் சொல்லும் ஒரு மிகைமொழி, நாளை வரலாற்றுப் பிழையாக நிலைத்துவிடும்.

காலமறிந்து செயற்படுதலும் வேண்டும். கொழும்புச் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி செப்டெம்பரில் நடைபெறுவது வழக்கம். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். இவ்விரு மாதங்களிலும் பாடசாலைகளும் நூலகங்களும் நூல்களை நாடும். தோட்டத்துக்கோ வேறொரு நாட்காட்டி உண்டு. சம்பள நாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாசி மாதத்துக் காமன் கூத்து, கோயில் திருவிழா ஆகியன மக்கள் கூடும் காலங்கள். கூத்து நடக்கும் திடலின் ஓரத்திலே ஒரு சிறு மேசையில் நூல்களை விரித்து, அவற்றுள் ஒரு கதையை உரக்கப் படித்துக் காட்டினால், கொழும்பு மண்டபத்தின் பத்து நயவுரைகளும் செய்யாததை அது செய்யும்.

வெளியீட்டு விழாவோடு பணி முடிவதன்று. நூலுக்குத் தேசிய நூலகத்தின் வாயிலாகச் சர்வதேசத் தராதர நூல் எண் பெறுதல், ஒவ்வொரு பிரதியும் எவரிடம் சென்றது என்று ஏட்டிற் குறித்தல், கடைகளை மூன்று மாதத்துக்கொரு முறை அணுகிக் கணக்குத் தீர்த்தல் ஆகியன இன்றியமையாதவை. 2005-ஆம் ஆண்டிற் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகத்துக்கு, விற்றுத்தீர்ந்த நூல்களை எண்ணிமப்படுத்த அனுமதி கொடுத்தலும் தக்கது. அதனால் மீள்பதிப்புக் காணாத நூலும் மறையாது.

பாடசாலைகளின் பங்கும் சிறிதன்று. தோட்டத்துப் பிள்ளை ஒருவர், தம் பாட்டியின் பேச்சையும் தம் லயத்தின் பெயரையும் அச்செழுத்திலே முதன்முதற் காணும்போது, நூல் என்பது பிறருக்குரியதன்று என்பதை உணர்கிறார். பாடசாலை நூலகத்தில் ஒரு மலைநாட்டு நூலின் இரண்டு பிரதிகள் இருந்தால் ஓராண்டில் ஐம்பது பிள்ளைகளாவது அதைப் படித்தல் கூடும். அப்பிள்ளைகளே வருங்கால வாசகர். அவர்களுட் சிலர் வருங்கால எழுத்தாளர். பதிப்பாளர் ஒரு நூலைச் சுமந்துகொண்டு மலைப்பாதையில் ஏறுவது, அப்பிள்ளைகளின் கையில் அதனைச் சேர்ப்பதற்காகவேயாம்.