உங்களுக்குத் தெரியுமா? பெருந்தமனிக்கு மாற்று, தொடைச் சிரை!

மழைக்காலச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா, மெலியோய்டோசிஸ் நோயைத் தருகிறது. வேலூர் சிஎம்சி மருத்துவமனை இந்நோயாளிகளைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்துவருகிறது. புதூர்நாட்டு மலைச்சரிவில் சாமை விதைக்க ஈர மண்ணில் இறங்குபவருக்கும், அதிலும் சர்க்கரை நோய் உள்ளவருக்கும், இந்நோய் வரும் அபாயம் உண்டு. அரிதாக இக்கிருமியும் சால்மோனெல்லா என்னும் பாக்டீரியாவும் பெருந்தமனியின் சுவரை அரித்துப் புடைக்க வைக்கும்; வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அழுகிய பகுதியை வெட்டியெடுத்த இடத்தில் எதை வைப்பது? பாலியஸ்டர் குழாய் உயிரற்றது. எஞ்சிய கிருமி அதில் படலமாக ஒட்டிக்கொண்டால் மருந்து எளிதில் எட்டாது. அதனால்தான், கிருமி தொற்றிய செயற்கைக் குழாயை அகற்றி, நோயாளியின் தொடை ஆழ்சிரையையே அங்கே தைக்கும் முறையை டாலஸ் நகரின் கிளாகெட் குழு 1993-இல் வெளியிட்டது.

சிரை தமனியின் அழுத்தத்தைத் தாங்குமா என்று கேட்கலாம். ஆழ்சிரை பருமனானது, தாங்குகிறது. கால் வீங்காதா? கொஞ்சம் வீங்கலாம், கிளைச் சிரைகள் ரத்தத்தை ஏற்றுக்கொள்வதால் பெரும்பாலோர் சமாளித்துவிடுகிறார்கள். அறுவை நெடுநேரம் பிடிக்கும் என்பதுதான் வலுவான ஆட்சேபம். ரத்தம் கொட்டும் நேரத்தில் பெருந்தமனிக்குள் ஸ்டென்ட் என்னும் செயற்கைக் குழாயை வைப்பதே சரி. ஆனால் சீழுக்குள் அந்நியப் பொருளை நிரந்தரமாக விட்டுவைப்பதைவிட, உடல் தாங்கும் நோயாளிக்குச் சொந்தச் சிரையே மேல். சர்க்கரை நோயோடு விடாத காய்ச்சலும் முதுகுவலியும் இருந்தால் இத்தகைய தொற்றாக இருக்கக்கூடும்; ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் ரத்தக் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.