இருபது இலட்சம் இமைக்கும் கண்ணாடிகள்

தலைவாரிய சீப்பைச் சிறு கடதாசித் துண்டுகளின் அருகே பிடித்தால், அவை துள்ளியெழுந்து சீப்பில் ஒட்டிக்கொள்ளும். சிறு பராயத்தில் இவ்விளையாட்டைக் கண்டு வியக்காதார் யார்? நிலைமின்சாரத்தின் அந்த ஈர்ப்பே இன்று படமாளிகையின் வெண்டிரையிற் காட்சிகளைத் தீட்டுகின்றது என்றால் நம்புதல் அரிதாகத் தோன்றும். ஆயினும் அஃது உண்மையே.

பிலிம் சுருளை நீக்கி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட டிஜிட்டல் கருவிகள் பலவற்றினுள்ளே, சிறு தகடொன்றின் மீது அலுமினியக் கண்ணாடிகள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டுள்ளன. வரிசைக்கு 2,048 ஆக 1,080 வரிசைகள் கொண்ட தகட்டில் 22 இலட்சத்துக்கும் அதிகமான கண்ணாடிகள் உண்டு. ஒவ்வொன்றும் தலைமயிரின் தடிப்பினும் பன்மடங்கு சிறியது. திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கண்ணாடி பொறுப்பு.

இதனை ஆக்கியவர் அமெரிக்காவின் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பௌதிக விஞ்ஞானி லாரி ஹோர்ன்பெக். 1977ஆம் ஆண்டில் முயற்சியைத் தொடங்கிய அவர், மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் கண்ணாடியை வேண்டிய அளவுக்கு வளைத்தால் வேண்டிய அளவு ஒளியைப் பெறலாம் என்று எண்ணினார். எண்ணம் நேரியதே, கண்ணாடிகள்தாம் இணங்கவில்லை. அவற்றுள் நுண்ணிய வேறுபாடு இருப்பினும், ஒரே மின்னழுத்தத்துக்கு ஒன்று சிறிது வளையும். மற்றொன்று பெரிது வளையும். அத்தனையையும் ஒருசீராக அடக்கியாள்வது எங்ஙனம்? பத்து ஆண்டுகள் இப்போராட்டத்திற் கழிந்தன.

1987இல் ஹோர்ன்பெக் வழியை மாற்றினார். இடைநிலைகளை அறவே கைவிட்டு, கண்ணாடிக்கு இரண்டே நிலைகளை வகுத்தார். ஒருபக்கம் சாய்ந்தால் ஒளி திரைக்குச் செல்லும். மறுபக்கம் சாய்ந்தால் விலகிப் போகும். சாய்வு 10 அல்லது 12 பாகை அளவே.

ஒவ்வொரு கண்ணாடியின் அடியிலும், இருபக்கமும் இரு மின்வாய்களும் ஒரு சிறு நினைவுக் கலமும் உள்ளன. எப்பக்கம் சாய வேண்டும் என்ற கட்டளை, வரிசை வரிசையாக அக்கலங்களில் எழுதப்படுகின்றது. எழுதி முடியும்வரை கண்ணாடிகளைப் பழைய நிலையிலேயே மின்னழுத்தம் இறுகப் பிடித்திருக்கும். பின்னர் ஒரு துடிப்பு அப்பிடியைத் தளர்த்தும். உடனே ஒவ்வொரு கண்ணாடியும் ஈர்ப்பு மிகுந்த பக்கம் சாய்ந்துவிடும்.

அப்படியாயின், வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடைப்பட்ட சாயல்கள் எவ்வாறு தோன்றும்? அதற்குக் காலமே கருவி. கடைக்காரர் சில படிக்கற்களைக் கொண்டே எந்த நிறையையும் நிறுத்துவிடுகிறார் அல்லவா? அதுபோல் ஒரு காட்சியின் கணப்பொழுது 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என்ற பங்குகளாகப் பிரிக்கப்படும். எந்தெந்தப் பங்குகளிற் கண்ணாடி ஒளியை அனுப்புகின்றதோ, அவற்றின் கூட்டுத்தொகையே புள்ளியின் பிரகாசம். இவ்வெட்டுப் பங்குகளால் 256 சாயல்கள் கிடைக்கின்றன. கண்ணாடி இமைப்பதை நம் கண் அறியாது. சராசரியையே அது காணும்.

1990இல் விமானப் பயணச்சீட்டு அச்சிடுவதற்குப் பயன்பட்ட இக்கண்ணாடிகள், 1999இல் அமெரிக்கப் படமாளிகைகளில் 'ஸ்டார் வார்ஸ்' படத்தைக் காட்டின. 2015இல் ஹோர்ன்பெக்குக்கு ஒஸ்கார் சிலை வழங்கப்பட்டது. வாழ்நாளில் ஒரு படமேனும் நடிக்காத விஞ்ஞானிக்கு அப்பரிசு கிடைத்தது பொருத்தமே. அடுத்த முறை கதாநாயகியின் முகத்தில் மாலை வெயில் படிவதைத் திரையிற் காணும்பொழுது, பத்தாண்டுத் தோல்விக்குப் பின்னும் தளராத அந்த மனிதரையும் சற்றே நினைத்துக்கொள்வோம்.