90ஐத் தொட்டதும் உதறும் ஸ்டீரிங்

மலேசியாவின் செர்டாங்கைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் மழைக்கு மறுநாள் பிக்கப் ஓட்டியவர்களுக்கு இது பழக்கமான அனுபவம். தோட்டத்துச் செம்மண் பாதையில் வண்டி ஒழுங்காகத்தான் வந்தது. ஊர்ச் சாலையிலும் குறை ஒன்றும் தெரியவில்லை. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி வேகம் 90ஐத் தொட்டதும் ஸ்டீரிங் கையில் உதறத் தொடங்குகிறது. பதறிப்போய்ப் பட்டறையில் விட்டால், டைராடில் ஆரம்பித்து அப்சர்பர் வரை ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். பணம் கரைகிறது; உதறல் அப்படியே இருக்கிறது. எதையும் கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அது எப்போது உதறுகிறது?

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உதறினால், முதலில் சக்கரத்தின் உட்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். ரிம்மின் உள்வளைவில் செம்மண் அப்பிக் காய்ந்திருக்கும். பிக்கப் டயர் ஒன்றின் உயரம் ஏறக்குறைய 78 செ.மீ. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 11 முறைக்கு மேல் சுழல்கிறது. ரிம்மின் ஒரு பக்கத்தில், நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளி, 100 கிராம் மண் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழ அளவு மண்தான். ஆனால் அந்த வேகத்தில் அது சக்கரத்தை வெளியே இழுக்கும் விசை சுமார் 10 கிலோ எடைக்குச் சமம். ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒரு இழுப்பு, முன்னே ஒரு இழுப்பு, கீழே ஒரு இழுப்பு. வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். அதனால்தான் 50இல் ஒன்றும் தெரிவதில்லை.

விசை கூடுவது மட்டும் காரணமென்றால், வேகம் ஏற ஏற உதறலும் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஆனால் பல வண்டிகளில் 110ஐத் தாண்டினால் அது அடங்கிவிடுகிறது. நம் வீடுகளில் ஸ்பிரிங் மாட்டித் தொங்கவிடும் குழந்தைத் தொட்டிலை நினைத்துப் பாருங்கள். அது ஏறி இறங்கும் தாளத்துக்கு இசைய ஒரு விரலால் தட்டினால் போதும், தொட்டில் துள்ளிக்கொண்டே இருக்கும். தாளம் தப்பித் தட்டினால் துள்ளல் குறைந்துவிடும். டயரின் ரப்பருக்கும் வண்டியின் சுருள்வில்லுக்கும் நடுவே இருக்கும் சக்கரமும் அப்படித்தான். அதன் இயல்பான துள்ளல் நொடிக்கு 10 முதல் 15 முறை வரை. நெடுஞ்சாலை வேகத்தில் சக்கரத்தின் சுழற்சி சரியாக அந்தத் தாளத்தில் போய் விழுகிறது.

ஆகவே முதல் மருத்துவம் தண்ணீர்தான். நாலு ரிம்மையும் உள்ளும் புறமும் பீய்ச்சிக் கழுவி, மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் போகாவிட்டால் சக்கரங்களைப் பாலன்சிங் செய்யலாம். மண்ணோடு பாலன்சிங் மெஷினில் ஏற்றுவது வீண். ஈயத் துண்டு மண்ணுக்கு ஈடுகட்டும், மண் உதிர்ந்ததும் அந்த ஈயமே உதறலுக்குக் காரணமாகிவிடும். நடுக்கம் கையில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரம்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்கின் கனம் சீராக இல்லை என்று பொருள். அதற்கும் டைராடுக்கும் சம்பந்தமில்லை.

20, 30இலேயே ஸ்டீரிங் இடமும் வலமும் மெல்ல ஆடினால் நான் பயப்படுவேன். டயருக்குள் இருக்கும் கம்பிப் பட்டை ரப்பரை விட்டுப் பிரிந்திருக்கலாம். டயரின் மேல்பரப்பை உள்ளங்கையால் தடவுங்கள். புடைப்பு தட்டுப்பட்டால் அங்கேயே ஸ்பேர் டயரை மாட்டிவிட வேண்டும். வீடு வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அதன்மேல் ஓட்டாதீர்கள்.

பள்ளத்தில் இறங்கியதும் உதறத் தொடங்கி, வேகத்தைக் குறைக்கும்வரை அடங்கவில்லை என்றால்தான் மூட்டுகளைச் சந்தேகிக்க வேண்டும். டைராட் முனை, பால் ஜாயின்ட் இரண்டுமே கிண்ணத்துக்குள் சுழலும் குண்டு. மேலே ரப்பர் உறை, உள்ளே கிரீஸ். உறை கிழிந்தால் சேற்றுநீர் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். பிறகு செம்மண் உப்புத்தாளைப்போல் குண்டைத் தேய்க்கும்.

சோதிக்க இரண்டு பேர் போதும். இப்போதைய ஹைலக்ஸ், டிரைட்டன் போன்றவற்றில் சுருள்வில் கீழ்க்கையின் (லோயர் ஆர்ம்) மேல் உட்கார்ந்திருப்பதால், ஜாக்கைக் கீழ்க்கைக்கு அடியில் கொடுத்துச் சக்கரத்தைத் தூக்குங்கள். சேஸிஸுக்கு ஸ்டாண்டும் கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டக் கூடாது. கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து ஆட்டும்போது லொடக்கென்றால் டைராட் பக்கம் பாருங்கள். 12, 6இல் ஆடினால் பேரிங்கோ பால் ஜாயின்டோ. இன்னொருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ளும்போது அந்த ஆட்டம் நின்றால் பேரிங்தான்.

இந்த உதறலுக்கு ஆங்கிலத்தில் 'ஷிம்மி' என்று பெயர். தோளைக் குலுக்கி ஆடும் ஒரு நடனத்தின் பெயர் அது. 1920களில் கார்களுக்குக் குறைந்த காற்றழுத்தமுள்ள பருத்த டயர்கள் வந்தபோது இது பெரிய தலைவலியாயிற்று. முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பிணைந்திருந்தன. ஒன்று கல்லில் ஏறினால் அச்சு சாயும், மற்றதும் சாயும். சுழலும் பம்பரத்தைச் சாய்த்தால் அது பக்கவாட்டில் திரும்புவதைப்போல், சாய்ந்த சக்கரங்களும் திரும்பும். திரும்பியது மீண்டும் சாய்க்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 1934இல் ஒவ்வொரு முன்சக்கரத்தையும் தனித்தனியே தொங்கவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய லேண்ட் ரோவர்களில் அந்த ஒற்றை அச்சு இருப்பதால், தேய்ந்த மூட்டோடு ஓடும்போது முன்பக்கம் முழுவதும் கொடூரமாக உதறும்.

அப்படிப்பட்ட வண்டிக்கு ஸ்டீரிங் டேம்பர் மாட்டி உதறலை அமுக்கிவிடும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கைக்கு நடுக்கம் தெரியாமல் போகும். உள்ளே மூட்டு தேய்ந்துகொண்டே இருக்கும். பெரிய டயரும் வெளியே தள்ளிய ரிம்மும் மாட்டியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சக்கரம் வெளியே தள்ளத் தள்ள, ஒவ்வொரு குழியும் ஸ்டீரிங்கை அதிக நெம்புவிசையோடு இழுக்கும்.

டைராட் மாற்றினால் அலைன்மென்ட்டை அதே நாளில் பார்த்துவிடுங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 50, 100 கி.மீ. ஓடியபின் நட்டுகளை மறுபடி டார்க் ஸ்பானரால் இறுக்க வேண்டும். ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே மண் இருந்திருந்தால், அது நசுங்கி நட்டு தளர்ந்திருக்கும்.